"மைன்" என்றொரு சொல்

2013ஆம் ஆண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்தை முடித்துக்கொண்டு வெளிக்கிட்டபோது, வயதான தாயொருவர் தனது காணியைக் காட்ட வேண்டுமென்று என்னைக் கூட்டிச் சென்றார். பேர்த்தியும் கூடவே வந்தாள். காணிக்குள் கால் வைக்க முடியவில்லை. எல்லையில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. தமிழில் மிதிவெடி என்றிருக்க, ஆங்கிலத்தில் "டேஞ்சர் மைன்ஸ்" என்றிருந்தது.

நான்காம் தரத்தில் படிக்கும் அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மைன் எண்டால் என்னுடையது எண்டெல்லோ ரீச்சர் படிப்பிச்சவா, மிஸ்?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். தாய் சிரிக்கவில்லை. "சரியாத்தானே எழுதிக்கிடக்குது பிள்ளை. காணி என்ரைதானே" என்றார்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றானாலும் அவை இரண்டு வேறு சொற்கள். "என்னுடையது" என்ற மைன் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் அதனை "மீன்" என்றே உச்சரித்தார்கள் (நாங்கள் குழம்பு வைக்கும் மீனல்ல!). "மை" என்பது அதன் தேய்ந்த வடிவம்.

மற்றைய மைன் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. உலோகம், நிலக்கரி தோண்டும் சுரங்கம் என்பதே அதன் பொருள். அப்படியிருக்க, சுரங்கம் எப்படி வெடியானது?

அக்காலப் படைகள் எதிரியின் கோட்டை மதிலுக்குக் கீழே சுரங்கம் தோண்டி, மேலே உள்ள மண் சரியாதபடி மரத்தூண்களால் முட்டுக் கொடுக்கும். பின்பு அத்தூண்களுக்குத் தீ வைத்தால் மதில் சரிந்து விழும். 1215இல் இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜோன் மன்னன், தீ நன்றாகப் பற்றுவதற்காக 40 கொழுத்த பன்றிகளைக் கேட்டு எழுதினான். வெடிமருந்து வந்தபின் தூண்களுக்குப் பதிலாக அதனைச் சுரங்கத்தில் நிரப்பினார்கள். முதலாம் உலகப் போரிலும் இதுவே நடந்தது. 1917 ஜூன் 7ஆம் திகதி பெல்ஜியத்தின் மெசீன் பகுதியில் 19 சுரங்கங்கள் வெடிக்க வைக்கப்பட்டன. பிறகு சுரங்கம் தேவைப்படவில்லை. ஒரு சாண் மண்ணுக்குள் புதைக்கும் சிறு பெட்டிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

"அண்டர்மைன்" என்ற சொல்லும் இதே கோட்டைச் சுவரடியில் பிறந்ததுதான். நாங்கள் "குழிபறித்தல்" என்கிறோமே, அதே பொருள்! ஆனால் வெடிக்கு நாங்கள் வைத்த பெயர்தான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. மிதிவெடி என்றால் யாருடைய கால் போகும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

ஆளெதிர் மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வடக்கில் அவற்றை மண்ணிலிருந்து எடுத்தவர்களில் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் எமது பெண்கள் பலர். வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகச் செய்யும் வேலை அது.

அந்தத் தாயின் காணிப் பலகையும் ஒருநாள் அகற்றப்பட்டது. ஆனால் கடதாசியில் காணி இறந்துபோன கணவரின் பெயரில் இருந்தது. அரச காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாவிட்டால், மனைவி தன் சீவியகாலம் வரை அனுபவிக்கலாம். பிறகு மகள்மாரை விட மகன்மாருக்கே முன்னுரிமை என்றிருந்தது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அவருக்கு மூத்தது மகள். இளையவரான ஒரே மகன் 2009இல் காணாமற்போனவர். மகன் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட அந்தத் தாய் சம்மதிக்கவில்லை.

2022இல் கொண்டுவந்த திருத்தம் ஆணுக்கு மட்டும் என்றிருந்த முன்னுரிமையை நீக்கியது. சகோதரிகளே, உங்களிடம் அனுமதிப்பத்திரம் இருந்தால் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நாங்களும் போனோம். விண்ணப்பத்தை நிரப்பியவள் அந்தப் பேர்த்திதான், இப்போது வளர்ந்துவிட்டாள். பிள்ளைகளின் விபரம் எழுதும் இடத்தில் மகளின் பெயருக்குக் கீழே மகனின் பெயரையும் எழுதச் சொன்னார் தாய். அதற்கு நேரே இருந்த கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னார்.