தடாவுக்கு ஒரு பில்

ஆரம்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. இயந்திரம் என் வீட்டுக்காரர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்தும் வேலை வரும், தடாவிலிருந்தும் வரும். ரயிலில் தடா எங்களுக்கு அடுத்த நிலையம்தான். ஆனால் பில் போடும்போது அது ஆந்திரா, வேறு மாநிலம்.

போன மாதம் என் அண்ணன் மகன் ஒரு ஏஐ மென்பொருளைக் காட்டினான். பில், சலான், கடிதம் எல்லாம் அதுவே போடுமாம். "அத்தே, வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா தள்ளுபடி. நாளையோட முடியுது" என்றான். ஏழு நாள் இலவசம் என்றும் அதில் போட்டிருந்தது. எனக்கு அந்த ஏழு நாள் போதும்.

பழைய ஃபைலை எடுத்தேன். விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். விடை தெரியாததைக் கேட்டால் அது சொல்வதெல்லாம் சரி என்றுதான் தோன்றும்.

சிப்காட் பில்லை அழகாகப் போட்டது. அடுத்து தடா கம்பெனிக்குக் கடைசல் வேலை செய்த பில். வரியைப் பாதிப் பாதியாகப் பிரித்து, மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று எழுதியது. மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி அல்லவா? தப்பு என்று சொன்னதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. எனக்குத் தெரிந்ததால் சொன்னேன். தெரியாத பிள்ளை உட்கார்ந்திருந்தால் அந்தப் பில் அப்படியே போயிருக்கும்.

மூன்றாவது, தடாவிலிருந்து கடைசலுக்கு வரும் 8,000 ரூபாய்ச் சரக்கு. இ-வே பில் வேண்டுமா என்று கேட்டேன். 50,000 ரூபாய்க்குள் இருப்பதால் வேண்டாம் என்றது. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு இப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் பொருளுக்கு மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான், அந்த மென்பொருள் இல்லை.

கடிதத்தில் மட்டும் குறையே சொல்ல முடியாது. பாக்கிப் பணம் கேட்டு நான் தமிழில் நாலு வரி சொன்னால், மரியாதையான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. எனக்கு அரை மணி நேரம் பிடிக்கும் வேலை அது. அதற்காகச் சந்தா கட்டலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். அதே நாலு வரியை என் போனில் இருக்கும் இலவச ஏஐயிடம் சொன்னேன். அதுவும் அதே தரத்தில் எழுதியது. 2025இல் ஏர்டெல் பெர்ப்ளெக்ஸிட்டி புரோவை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது, ஜியோ ஜெமினி புரோவை 18 மாதத்துக்குக் கொடுத்தது. காசு கட்டுமுன் உங்கள் எண்ணுக்கு அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இலவச நாளுக்கே கார்டு எண் கேட்கிறார்கள். பணத்தைத் தானாகப் பிடிக்க ஒருமுறை சம்மதித்துவிட்டால், 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தவணைக்கு ஓடிபி கேட்காது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். நான் சேரும் முன்பே, ரத்து செய்யும் பொத்தான் எங்கே என்று தேடி வைத்துக்கொண்டேன். ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவதைச் 'சந்தாப் பொறி' என்று 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. புகாருக்கு எண் 1915.

வாடிக்கையாளரின் டிராயிங்கை மட்டும் நான் ஏற்றவே இல்லை. அது நம்மை நம்பிக் கொடுத்தது. தனிநபர் சந்தாக்கள் பலவற்றில், அமைப்புகளில் (செட்டிங்ஸ்) போய் நாமே நிறுத்தாவிட்டால், ஏற்றுவதை ஏஐயைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வார்கள்.

ஆறாம் நாள் ரத்து செய்துவிட்டேன். கடிதத்துக்கு இலவச ஏஐ போதும், பில் நான் போடுகிறேன். அண்ணன் மகன் தன் கடைக்கு அதையே வாங்கப் போகிறானாம். பழைய பில் பத்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.