மூட்டை ஏற்றும் றிமோட் வண்டி: எதைப் பார்த்து வாங்குவது?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுக்குத் தப்பி லயத்தை விட்டு இறங்கியவர்களில் சிலர், கிடைத்த துண்டு நிலத்தில் மரக்கறி செய்கிறார்கள். கிடைத்த நிலம் பாதைக்குக் கீழே இருந்தால், கரட்டையும் கோவாவையும் லொறி நிற்கும் இடம்வரை ஏற்றுவது யார்? தலையும் முதுகும்தான், அதுவும் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆகவே பற்றரியில் ஓடும் றிமோட் வண்டியொன்றைச் செய்யலாமா என்று இளைஞர்கள் கேட்பது விளையாட்டல்ல.

முதலில் ஒரு கணக்கு. வண்டி 50 கிலோ, மூட்டை 50 கிலோ. ஆறு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தில் இதை இழுக்க ஏறக்குறைய 17 கிலோ விசை வேண்டும். சேற்று மண்ணுக்கு இன்னும் 5 கிலோ சேருங்கள். மெதுவான நடை வேகத்தில், பற்சக்கரத்திலும் சங்கிலியிலும் வீணாவதையும் கூட்டினால் 180 வாற்று. 24 வோல்ற்று பற்றரியிலிருந்து ஏழரை அம்பியர். ஆகவே 250 வாற்று மோட்டர் போதும்.

ஆனால் கொன்ட்ரோலரை ஏழரை அம்பியருக்கு வாங்கிவிடாதீர்கள். சில்லு கல்லில் முட்டி நின்றுவிட்டால் மோட்டர் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கொன்ட்ரோலர் கருகுவது அந்த நேரத்தில்தான். மலிவாகக் கிடைக்கும் பிடிஎஸ் 7960 பலகையில் 43 அம்பியர் என்று இருக்கும். அது சில்லின் உச்ச எல்லை. அந்தச் சிறிய அலுமினியத் துண்டு அவ்வளவு சூட்டைத் தாங்காது. றிமோட்டின் சமிக்ஞையை அது நேரே புரிந்துகொள்வதும் இல்லை. மின்சைக்கிள் கொன்ட்ரோலர்கள் பலவற்றில் பின்னோட்டம் கிடையாது. சேபர்டூத் 2x32 போன்றது இரண்டு மோட்டர்களுக்கும் தலா 32 அம்பியர் தொடர்ந்து தரும், றிசீவரை நேரே பொருத்தலாம், விலைதான் கூட. நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்க வேண்டிய பொருள் அது. எதை வாங்கினாலும் பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள்.

றிமோட்டுக்கு வருவோம். பழைய 27 மெகாஹேட்ஸ் பொம்மைக் கருவிகள் வேண்டாம். பக்கத்துக் கருவியின் சமிக்ஞைக்கும் அவை ஆடும். இப்போதைய 2.4 கிகாஹேட்ஸ் வகை நல்லது. ஆனால் மலை வளைவும் நனைந்த தேயிலைச் செடியும் அதை மறைக்கும். வண்டி கண்ணில் படும் தூரத்தில்தான் நடக்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த வகையா என்று கடையில் கேளுங்கள்.

சமிக்ஞை அறுந்தால் றிசீவர் என்ன செய்யும் என்பதே பெரிய கேள்வி. சில மலிவு றிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓடிக்கொண்டே போகும். சில்லைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஓடவிட்டு, கையிலுள்ள கருவியை அணையுங்கள். உடனே நிற்காவிட்டால் அந்த அமைப்பைத் திருத்தாமல் மூட்டை ஏற்றக் கூடாது.

இந்தச் சோதனையில் தேறிய எங்கள் முதல் வண்டி, ஏற்றத்தில் சமிக்ஞை அறுந்ததும் மூட்டையோடு பின்னால் உருண்டு லீக்ஸ் பாத்தியில் விழுந்தது. சற்று முன்புதான் பிள்ளைகள் அவ்வழியே போயிருந்தார்கள். மின்சாரம் நிற்பது வேறு, வண்டி நிற்பது வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. மின்சாரம் அறுந்தால் தானே இறுகும் பிறேக் கொண்ட சக்கரநாற்காலி மோட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், சில்லிலிருந்து மோட்டரைத் திருப்ப முடியாத புழுப்பற்சக்கரம் வையுங்கள்.

முதல் மாதம் முழுவதும் ஒருவர் கட்டைத் துண்டோடு வண்டியின் ஓரமாக நடக்கட்டும். பின்னால் அல்ல.