சூரியனுக்கு ஒரு திருத்தப் பதிவு!

"மாமா... சூரியன் எரியுதுல்ல, அங்கே காத்தே கிடையாதாமே? அப்புறம் எப்படி எரியுது?"

போனில் கேட்டவன் அக்கா பையன். ஐந்தாம் வகுப்பு. அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட்டில் எதைக் கேட்டாலும் அசராமல் பதில் சொல்வேன். சூரியன் எந்தத் தலைப்பில் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் மாமா என்கிற கௌரவம் ஒன்று இருக்கிறதே!

"அது ஒண்ணுமில்லடா... உள்ளே பூரா காஸ். ரொம்ப சூடான காஸ். அது தானா எரியும். அது சரி, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று பேச்சை மாற்றி, போனை வைத்தேன். வைத்த பிறகும் மனசு ஆறவில்லை.

காரணம் உண்டு. இதே கேள்வியை நான் ஒன்பதாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். எரிகிற மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் அணைந்துவிடும் என்று முந்தின வாரம்தான் சார் செய்து காட்டியிருந்தார். "அப்போ காத்தே இல்லாத இடத்துல சூரியன் மட்டும் ஏன் சார் அணையலை?" என்றேன். சார் ஒரு விநாடி யோசித்தார். பிறகு, "பரீட்சைக்கு வருமாடா இது?" என்றார். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும் வரை பெஞ்ச் மேல் நின்றேன். அன்றைக்கு சயின்ஸில் கேள்வி கேட்பதை நிறுத்தியவன், பதினொன்றாம் வகுப்பில் நேராகப் போய் காமர்ஸ் குரூப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

என் ரூம்மேட் எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ். நான் போனில் பேசியதைப் பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், சின்னப் பையன்கிட்ட ஏண்டா தப்புத்தப்பா அளக்கிறே?"

"சரி, நீதான் சொல்லேன்!"

"நான் பாடம் எடுத்தா நீ தூங்கிடுவே. பாட்டு போடறேன், கேளு."

அன்று ராத்திரி ஆரம்பித்த கச்சேரி பல நாள் நீடித்தது. அதில் எனக்குப் பிடித்துப்போன சிலதை உங்களுக்கும் சொல்லிவிடத்தான் இந்தக் கட்டுரை. சயின்ஸ் பிடித்தவர்களுக்கு இது விருந்து. என்னைப் போல சயின்ஸைக் கண்டு ஓடியவர்களுக்கு மருந்து!

* * *

முதலில் டாம் லேரர். 1928ல் பிறந்த அமெரிக்கர். பதினைந்து வயதில் ஹார்வர்டில் கணிதம் படிக்கச் சேர்ந்த பிள்ளை. 1953ல் தானே எழுதிய நையாண்டிப் பாட்டுகளைத் தானே பியானோ வாசித்துப் பாடி, கைக்காசைப் போட்டு 400 ரெக்கார்டு அடித்தார். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. ஹார்வர்டு வட்டாரத்தில் விற்றார், அப்புறம் தபாலில் விற்றார். வாய்வழியாகவே புகழ் பரவியது. பெரிய கம்பெனிகளை நம்பாமல் சொந்தக் காலில் நிற்கும் இசைக்கு 'இண்டி' என்று பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே மனுஷன் அதைச் செய்து முடித்துவிட்டார்.

இவருடைய 'தி எலிமெண்ட்ஸ்' (1959) கேட்டே ஆகவேண்டிய அயிட்டம். கில்பர்ட் - சல்லிவன் ஜோடியின் 1879ம் வருட மேடை நாடகத்தில் ஒரு மேஜர் ஜெனரல் மூச்சு விடாமல் பாடுகிற மெட்டு ஒன்று உண்டு. அந்த மெட்டில், அன்றைக்குத் தெரிந்திருந்த 102 தனிமங்களின் பெயர்களையும் ஒன்றரை நிமிஷத்துக்குள் அடுக்கிவிடுகிறார். அட்டவணை வரிசையெல்லாம் கிடையாது. எதுகை எங்கே இடிக்காதோ அந்த வரிசை! இன்று தனிமங்கள் 118. கடைசி ஆசாமிக்கு 'ஓகனெஸ்ஸான்' என்று 2016ல்தான் பெயர் சூட்டினார்கள். பட்டியல் இத்தோடு முடியாது என்று அவரே அந்தப் பாட்டின் கடைசியில் ஒரு ஜோக் அடித்து வைத்திருக்கிறார். விவரமான ஆள்.

1965ல் வந்த 'நியூ மேத்' இன்னும் பிரமாதம். 342ல் 173 போனால் எவ்வளவு? 169. எந்த மளிகைக் கடையிலும் சொல்வார்கள். லேரர் அதே கணக்கை எட்டின் அடிமானத்தில் போட்டு 147 என்று விடை கொண்டுவருகிறார். எல்லாம் பியானோ வாசித்துக்கொண்டே! நம்பாமல் பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சாட்சாத் 147. இப்படி எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது பாடியிருந்தால் நான் ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பேனா?

புகழ் உச்சியில் இருந்தபோதே மேடையை விட்டு ஒதுங்கி, வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார். கலிபோர்னியாவின் சாண்டா க்ரூஸில் 1972 முதல் பல வருஷம் கணிதமும் இசை நாடகமும் சொல்லிக் கொடுத்தார். 2020ல், தன் பாட்டுகளை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். 2022ல் ஒலிப்பதிவுகளையும் விட்டுக்கொடுத்தார். 2025 ஜூலையில், 97 வயதில் காலமானார். சொத்து மதிப்பு தெரிந்தே ராயல்டியை மொத்தமாக ரைட்-ஆஃப் செய்த மனிதரை, ஒரு காமர்ஸ்காரன் எழுந்து நின்றுதான் கும்பிட வேண்டும்.

* * *

அடுத்து, ஜோனதன் கோல்டன். நியூயார்க்கில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தவர். 2005ல் வேலையை விட்டுவிட்டு, வாரம் ஒரு பாட்டு என்று சபதம் எடுத்து, ஒரு வருஷம் விடாமல் வெளியிட்டார். அதில் பிறந்ததுதான் 'கோட் மங்கி' (2006). மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஒரு புரோகிராமர், வரவேற்பறைப் பெண்மீது ஆசை வைத்து, அவளுக்கு சோடா வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவ்வளவுதான் கதை. திங்கட்கிழமை காலையில் கேட்காதீர்கள். ராஜினாமா எழுதத் தோன்றும்.

காமெடிப் பக்கம் வந்தால், பிபிசி ரேடியோ 4ல் 2009ல் ஆரம்பித்த 'தி இன்ஃபினிட் மங்கி கேஜ்'. பிரையன் காக்ஸ் என்கிற துகள் இயற்பியல் பேராசிரியரும், ராபின் இன்ஸ் என்கிற நகைச்சுவைக் கலைஞரும் சேர்ந்து, விஞ்ஞானிகளையும் சிரிப்பு நடிகர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து அரட்டை அடித்தார்கள். குரங்கை டைப்ரைட்டர் முன்னால் உட்காரவைத்து முடிவில்லாத காலம் தட்டவிட்டால் ஒருநாள் ஷேக்ஸ்பியர் நாடகமே வந்துவிடும் என்று ஒரு கணிதக் கருத்து உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. (எங்கள் ஆபீஸ் சர்க்குலர்களைப் படிக்கும்போது இந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) இந்தப் பேராசிரியர் ஒரு காலத்தில் பாப் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அந்த 'டி:ரீம்' குழுவின் பாட்டு 1994ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது!

* * *

கடைசியாக, ரூம்மேட் வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்த அயிட்டம்: 'தே மைட் பி ஜயண்ட்ஸ்'. நியூயார்க்கின் புரூக்ளின் பக்கத்து இரண்டு ஜான்கள், ஜான் ஃப்ளான்ஸ்பர்க்கும் ஜான் லின்னலும், 1982ல் ஆரம்பித்த குழு. கையில் காசில்லாத காலத்தில், வீட்டு போனில் பதில் சொல்லும் மெஷினில் தங்கள் பாட்டைப் பதிந்து வைத்துவிட்டு, போன் பண்ணிக் கேளுங்கள் என்று விளம்பரம் கொடுத்தார்கள். ஆபீஸ் போனில் கூப்பிட்டால் உங்களுக்குச் செலவே இல்லை என்று ஐடியாவும் அவர்களே கொடுத்தார்கள்! ஒரு சமயத்தில் ஒரே ஒருவர்தான் கேட்க முடியும். உலகத்திலேயே சின்ன வானொலி நிலையம் அதுவாகத்தான் இருக்கும்.

1959ல் குழந்தைகளுக்காக வந்த ஒரு சயின்ஸ் இசைத்தட்டில், சூரியன் ஏன் பிரகாசிக்கிறது என்று ஒரு பாட்டு. எழுதியவர் ஹை ஜாரெட். 'அன்செயின்டு மெலடி' காதல் பாட்டை எழுதிய அதே ஆள். இந்தச் சூரியப் பாட்டை நம் இரண்டு ஜான்களும் 1993ல் பாடி வெளியிட்டார்கள். அதில் அணுக்கரு சமாசாரமெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு சறுக்கல். சூரியன் என்பது ஒளிவிடும் வாயு என்று சொல்லிவிட்டது. ஆமாம், அக்கா பையனிடம் நான் சொன்ன அதே காஸ்!

2009ல் குழந்தைகளுக்கான சயின்ஸ் ஆல்பம் போட்டபோது இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பாட்டை அப்படியே சேர்த்தார்கள். அதற்கு அடுத்த பாட்டாக, முன்னால் பாடியது தப்பு, சூரியன் வாயு இல்லை, பிளாஸ்மா என்று புதுசாக ஒரு பாட்டை எழுதிப் பாடினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இது எங்கள் பாடம்! கணக்குப் புத்தகத்தில் தப்பு வந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது, வொயிட்னர் பூசக் கூடாது. தப்பான பதிவு அங்கேயே இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு திருத்தப் பதிவு எழுத வேண்டும். சயின்ஸும் இதே முறையில்தான் கணக்கு எழுதுகிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

விஷயத்தை ரூம்மேட் விளக்கினான். பிளாஸ்மா என்றால், சூட்டில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு திரியும் நிலை. சூரியன் விறகு மாதிரி எரியவில்லை. மையத்தில் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி சூடு. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகின்றன. இதற்குக் காற்று தேவையே இல்லை. ஒரு விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் உள்ளே போகிறது. வெளியே வரும் ஹீலியத்தை எடை போட்டால் சுமார் 40 லட்சம் டன் குறைகிறது. அந்த ஷார்ட்டேஜ்தான் நம் தலையில் அடிக்கிற வெயில்!

பதினைந்து வருஷத்துக்கு மேல் பெஞ்ச் மேலேயே நின்றுகொண்டிருந்த ஒரு பையன், அன்று ராத்திரிதான் கீழே இறங்கி உட்கார்ந்தான்.

சார்மீது இப்போது கோபமில்லை. அவருக்கும் விடை தெரிந்திருக்காது. "தெரியலைடா, பார்த்துச் சொல்றேன்" என்கிற வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அவரைச் சொல்வானேன்? "படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று நான் பேச்சை மாற்றினேனே... "பரீட்சைக்கு வருமாடா?" என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்கு போன் போட்டேன்.

"டேய், நேத்து மாமா சொன்னது தப்பு. சூரியன் காஸ் இல்லை, பிளாஸ்மா. அது எரியவும் இல்லை..." என்று ஆரம்பித்து, 40 லட்சம் டன் ஷார்ட்டேஜ் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்:

"இதுவாவது கரெக்டா மாமா? இல்லே, நாளைக்கு மறுபடியும் போன் பண்ணுவீங்களா?"

"தப்புன்னு தெரிஞ்சா, கண்டிப்பா பண்ணுவேண்டா!"