ஒரே குகையில் எஞ்சிய கோலார் இலைமூக்கு வௌவால்: இனங்காண்பது எப்படி?

பெங்களூரு: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் உள்ள ஹனுமனஹள்ளி கிராமத்தின் கருங்கல் குன்றில் அமைந்த குகை, கோலார் இலைமூக்கு வௌவால் இனத்தின் கடைசி உறைவிடமாக அறியப்படுகிறது. அங்கு வாழும் இவ்வின வௌவால்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டாது என மதிப்பிடப்பட்டுள்ளது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-ல் இதனை 'மிக அருகிவிட்ட இனம்' என்ற பிரிவில் சேர்த்தது. முற்றிலும் அழிந்துபோவதற்கு முந்தைய கட்டங்களில், காட்டு உயிரினம் ஒன்றுக்கு அளிக்கப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை இதுவே.

ஆனால் அந்தக் குகையில் இந்த வௌவால் தனித்து வாழவில்லை. வேறு இலைமூக்கு வௌவால்களும் அங்கே தொங்குகின்றன. அவற்றுள் ஒன்றான துர்காதாஸ் இலைமூக்கு வௌவால், 1970-ல் மத்திய பிரதேசத்தின் ஜபல்பூர் அருகே கிடைத்த மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்ட அரிய இனமாகும். அந்தி நேரத்தில் குகைவாயிலிலிருந்து வெளியேறும்போது எல்லாம் ஒரே கூட்டமாகவே தோன்றும். எது எந்த இனம் எனப் பிரித்தறியாமல் எண்ணினால், ஓர் இனம் முழுவதும் மறைந்தாலும் அந்தக் கணக்கில் அது தெரியவராது.

கோலார் இலைமூக்கு வௌவாலே 1994 வரை தனி இனமாக அறியப்படவில்லை. ஜெர்மனியின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டீட்டர் கோக், புணே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் பணியாற்றிய எச்.ஆர்.பட் ஆகியோர் அந்த ஆண்டில்தான் இதனைப் புதிய இனமாக விவரித்தனர். 'ஹிப்போசிடெராஸ் ஹைப்போஃபில்லஸ்' என்பது அவர்கள் சூட்டிய அறிவியல் பெயர். முதற்சொல் கிரேக்க மொழியில் குதிரை லாடத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் 'கீழ்', 'இலை' என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. அடையாளம் காண வேண்டிய இடம் முகம்தான் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இவ்வகை வௌவால்களின் மூக்கைச் சுற்றி மெல்லிய தோல் மடிப்புகள் உள்ளன. நாசித் துளைகளுக்குக் கீழே லாட வடிவில் ஒரு மடிப்பும், மேலே நிமிர்ந்து நிற்கும் மற்றொரு மடிப்பும் இருக்கும். லாடத்தின் இருபுறமும் சிறு துணை இலைகள் உண்டா, உண்டெனில் எத்தனை என்பது இனத்துக்கு இனம் மாறும். தென்னிந்தியக் குகைகளிலும் பழைய கட்டடங்களிலும் பரவலாக வாழும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவாலுக்குப் பக்கத்துக்கு மூன்று துணை இலைகள் உள்ளன. ஃபுல்வஸ் இலைமூக்கு வௌவாலுக்கு அவை இல்லை. மாறாக, அதன் காதுகள் மிக அகன்றவை.

நிறத்தை நம்புவதில் பயனில்லை. ஃபுல்வஸ் இனத்திலேயே சாம்பல் நிறத்தவையும், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தவையும் ஒரே குகையில் அருகருகே தொங்குவதுண்டு. எனவே ஆய்வாளர்கள் மாலையில் குகைவாயிலில் வலை விரித்து, சிக்கும் வௌவாலைக் கையுறை அணிந்து எடுத்து, வெர்னியர் கருவியால் முன்கையின் நீளத்தை அளக்கின்றனர். இக்குழுவைச் சேர்ந்த சிறிய இனங்களின் முன்கை சுமார் 4 செ.மீ. நீளமே இருக்கும் என்பதால், ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடும் முக்கியமாகிறது. மூக்கிலையைப் படம் எடுத்த பின்னர் வௌவால் பறக்க விடப்படும். மரபணு ஆய்வு தேவைப்பட்டால், இறக்கைச் சவ்வின் மிகச் சிறிய துணுக்கு போதுமானது.

பிடிக்காமலே இனம் அறியும் வழியும் உண்டு. இலைமூக்கு வௌவால்கள் நாசி வழியாக ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுப் பூச்சிகளை வேட்டையாடுகின்றன. மனிதச் செவி அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். இந்தச் சிறிய வௌவால்கள் எழுப்பும் ஒலியோ 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டுகிறது. அந்த ஒலியின் பெரும்பகுதி ஒரே அதிர்வெண்ணில் நிற்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சுருதி உண்டு எனலாம். மீயொலிப் பதிவுக் கருவியை இருட்டில் வைத்துவிட்டால், குகைக்குள் நுழைந்து கலைக்காமலே எந்த இனம் கடந்து சென்றது என்பதை அறியலாம். உருவம் கண்டு உறுதி செய்யப்பட்ட வௌவால்களின் ஒலி முன்கூட்டியே பதிவாகியிருந்தால்தான் இது சாத்தியம். ஆகவே வலையும் வெர்னியரும் இன்னமும் தவிர்க்க முடியாதவை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற கேள்விக்குத் தேரஹள்ளி விடை சொல்கிறது. முன்னர் இந்த வௌவால் ஹனுமனஹள்ளி, தேரஹள்ளி ஆகிய இரு இடங்களின் குகைகளில் வாழ்ந்தது. பின்னர் தேரஹள்ளியில் அது இல்லாமல் போனது. சரியாக இனங்கண்டு எழுதிவைத்த பழைய பதிவு இருந்ததாலேயே அந்த இழப்பு தெரியவந்தது.

ஹனுமனஹள்ளிக்கு இருந்த பெரிய அச்சுறுத்தல் கிரானைட் வெட்டியெடுப்பு. குகை அமைந்த பாறையே விலைமதிப்புள்ள கல் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். சட்டவிரோதமாகக் கல் உடைக்கப்பட்ட நிலையில், குகையைச் சுற்றியுள்ள 30 ஏக்கர் நிலத்தைக் கர்நாடக அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. இந்திய வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை, மாநில வனத்துறையுடன் இணைந்து இவ்வினத்தைக் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

நாட்டில் சுமார் 130 வௌவால் இனங்கள் இருந்தும், வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இரண்டே இரண்டு மட்டும் இடம்பெற்றிருந்தன. தேனி மாவட்ட மேகமலையில் முதன்முதலில் சேகரிக்கப்பட்ட சலீம் அலி பழ வௌவால் ஒன்று. பெலகாவி அருகே பாராபெடே குகைகளில் கண்டறியப்பட்ட ராட்டன் வௌவால் மற்றொன்று. கோலார் வௌவால் அந்தப் பட்டியலில் இல்லை. இடத்தைக் காப்பதன் வழியாகவே அதனைக் காக்க வேண்டியிருந்தது.

இலைமூக்கு வௌவால்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். 200-க்குட்பட்ட ஒரு கூட்டத்தில் சில பத்து வௌவால்கள் இறந்தாலும், அந்த எண்ணிக்கையை மீட்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.