ஊன்றுகோல் எந்தக் கையில்?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

இடது கால் வலிக்கும் ஒருவர் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? இக்கேள்வியைத் தோழியர் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். “இதென்ன கேள்வி, இடது கையில்தான்!” என்றே பெரும்பாலோர் கூறினர். நம் பள்ளி நாடகங்களில் கிழவி வேடமிடுவோரும் நொண்டும் காலின் பக்கமே கோலைப் பிடித்து வந்து கைதட்டல் வாங்குகின்றனர். ஆனால் சரியான விடை வலது கை என்பதாகும்.

இதற்குக் காரணம் நாம் அறிவியல் வகுப்பில் படித்த நெம்புகோல்தான். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். இடது காலில் மட்டும் நிற்கும்போது உடலின் வலப்பக்கம் தாங்கலின்றிக் கீழே சரியப் பார்க்கும். அது சரியாதபடி இடது இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள் இறுக்கி இழுக்கின்றன. உடல் எடையோடு இந்த இழுப்பும் சேர்வதால், இடுப்பு மூட்டின் மேல் எடையைப் போல் இரண்டரை அல்லது மூன்று மடங்கு பாரம் விழுகிறது. தசை மூட்டுக்கு மிக அருகில் இருந்து இழுப்பதால் இவ்வளவு பாடுபட வேண்டியுள்ளது. வலது கையில் உள்ள கோலோ அம்மூட்டிலிருந்து வெகு தூரத்தில் தரையை ஊன்றுகிறது. நீண்ட நெம்புகோலின் முனையில் சிறிது அழுத்தினாலே போதுமல்லவா? அதுபோலவே இங்கும் சிறிதளவு ஊன்றினாலே மூட்டின் பாரம் நன்றாகக் குறைந்துவிடும். கோலும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே செல்ல வேண்டும்; பிறகு நல்ல கால்.

கோலின் உயரமும் முக்கியம். வழக்கமாக அணியும் செருப்புடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அப்போது பிடியை ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்கும். கோல் உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும். குட்டையானால் கூனி நடக்க நேரும். பல வீடுகளில் தாத்தா வைத்திருந்த கோலை அவர் காலத்திற்குப் பின் பாட்டிக்குக் கொடுத்து விடுகிறார்கள். காதுக் கம்மல் போல ஒருவருடையது மற்றவருக்கு அப்படியே பொருந்தி விடுமா? அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷையும் மாதம் ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈரத் தரையில் கோலே ஆளை வழுக்கி விழச் செய்யும்.

அக்குளில் இடுக்கி நடக்கும் கட்டைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பாரத்தை உள்ளங்கைகளே தாங்க வேண்டும், அக்குள் அன்று. அக்குள் வழியே கைக்குச் செல்லும் நரம்புகள் நாளடைவில் நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவதுண்டு. எனவே கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொள்ள நேர்ந்தது என் அப்பாயியால். சென்ற ஆண்டு கொல்லையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே எழுப்பி நிற்க வைத்தபோது எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. படுத்தே கிடந்தால் படுக்கைப் புண் வரும், காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தசைகளும் நாளுக்கு நாள் கரையும் என்று மருத்துவர் விளக்கினார். ஆயினும் எந்தக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவரிடம் கேட்காமல் யாரையும் நடத்தக் கூடாது. அது முறிவுக்கு முறிவு வேறுபடும்.

வீட்டிற்கு வந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. எல்லோரும் செய்வது போலவே அப்பாவும் அப்பாயியின் இரு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். இரண்டே நாளில் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்பாயியோ தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, “குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிச்சா அவன் தூக்கணும். பெத்த புள்ள இடுப்ப ஒடிச்சு நான் என்ன ஒண்ணுக்குப் போறது?” என்றார். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமித் தொற்று ஏற்படும் என்பது அவருக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பாரமாகிவிட்டோம் என்பது மட்டுமே தெரிந்திருந்தது.

வாரம் இரு முறை வீட்டிற்கு வந்த பிசியோதெரபி அக்கா இதைக் கேட்டவுடன், “முதலில் அவரைத் தூக்குவதை நிறுத்துங்கள், அவரே எழுந்திருப்பார்” என்றார். யாரும் நம்பவில்லை. நீங்களும் இதைப் படிக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியில் முதுகை நேராகச் சாய்த்து, பாதங்களை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, அப்படியே எழ முயலுங்கள். எத்தனை பலசாலியாலும் முடியாது. இப்போது விளிம்பிற்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து எழுங்கள். உடலின் எடை பாதங்களுக்கு மேல் வந்துவிடுவதால் எழுவது எளிதாகிறது. நோயாளிகள் பலர் எழ முடியாமல் தவிப்பது வலுவின்மையால் மட்டுமன்று. நாம் அவர்களைக் குனிய விடாமல் நேராக மேலே இழுப்பதாலும்தான்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை நோயாளியின் வலுவுள்ள பக்கமாக, கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். இரு சக்கரங்களின் பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் பலகைகளை மடக்கிவிட வேண்டும். படுத்திருந்தவரை உட்கார வைத்த உடனே நிறுத்தக் கூடாது; இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். ஓரிரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்காரட்டும். அவர் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டால் பிடிப்பதற்கு வசதி. உதவுபவர் எதிரே நின்று, முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, பட்டையைப் பிடிக்க வேண்டும். நோயாளியின் கைகள் கட்டிலை ஊன்றித் தள்ளட்டும். நம் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக் கூடாது. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி, மூன்றில் இருவரும் சேர்ந்து எழ வேண்டும். பின்னர் சிறு சிறு அடியாகத் திரும்பி, நாற்காலி தொடையில் இடிப்பதை உணர்ந்த பிறகே கைப்பிடியைத் தொட்டு மெல்ல அமர வேண்டும்.

பக்கவாதம் வந்தவராயின் செயலற்ற கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அத்தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவிவிடும். நடக்கும்போதும் அந்தப் பக்கத்தில், அரையடி பின்னே நாம் வர வேண்டும்.

அப்பாயிக்கு வாக்கர் வந்தது. வாக்கர், நோயுள்ள கால், நல்ல கால் என்பது வரிசை. எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது நம் மேலேயே சாயும். நாற்காலியை ஊன்றி எழுந்த பின்பே அதைப் பிடிக்க வேண்டும். வீட்டு மிதியடிகளைச் சுருட்டி வைத்தோம். அவர் சேலையைக் கணுக்காலுக்கு மேலே கட்டிவிட்டோம். குளியலறைக்குக் கமோடு நாற்காலி வாங்கினோம். பத்தாம் நாள் அப்பா பட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்க, அப்பாயி தாமாகவே எழுந்தார். அன்று மாலை ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். இப்போது கோலுடன் படி ஏறுகிறார். ஏறும்போது நல்ல கால் முதலில். உடலை மேலே தூக்குவது அதுதான். இறங்கும்போது நோயுள்ள கால் முதலில். மேற்படியில் நின்று மடங்கி உடலை மெல்ல இறக்குவதும் நல்ல காலே.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருவர் விழ நேரிடலாம். அப்போது இழுத்து நிறுத்தப் போராடினால் இருவரும் விழுவோம். அவரை நம் உடலோடு சாய்த்து, நம் காலின் மேல் சறுக்கவிட்டு, தலை அடிபடாமல் மெல்லத் தரையில் அமர்த்துவதே நல்லது. எங்கே வலிக்கிறது என்று கேட்டறியாமல் உடனே எழுப்பவும் கூடாது.

சக்கர நாற்காலி என்றால் வாழ்வு முடிந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அதன் பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நின்று செய்ய இயலாததை அவர் அமர்ந்து செய்தார். அதற்கேற்றபடி மேசை தாழ்ந்து கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

ஆனால் நாற்காலி செல்ல வழி வேண்டுமே! சரிவுப் பாதை அமைப்போர், ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் எனக் கணக்கிடுகின்றனர். அதைவிடச் செங்குத்தானால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். சரிவு அதிகமான இடத்தில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, பின்புறமாகவே இறக்க வேண்டும். ஞாயிறு பூசைக்கு அப்பாயியின் தோழி ஒருவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வருவது செபத்தினால் அன்று, பயத்தினால். எங்கள் கோவில் வாசற்படிகளை அளந்து பார்த்தேன். மூன்று படிகள், பதினெட்டு அங்குலம். பதினெட்டு அடிச் சரிவு போதும். வாசலுக்கும் கெபிக்கும் நடுவே இருபத்திரண்டு அடி இடம் இருக்கிறது.