முதலில் வருவது எல்லோருக்கும் வரும்

சிவகாசியைக் களமாக வைத்து ஒரு சிறுகதை எழுதச் சொன்னால், பலருக்கும் முதலில் தோன்றுவது வெடி விபத்துதான். பட்டாசு ஆலைக்குள் ஒரு பொறி, வானை மறைக்கும் புகை, ஆஸ்பத்திரி வாசலில் கதறும் தாய். இந்தக் கரு பொய்யல்ல. இந்த மண்ணில் திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை அது. அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் நூறு பேர் எழுதினால் நூறும் ஏறத்தாழ ஒரே கதையாக வந்து நிற்பது ஏன்? எழுதுகிறவர்களின் திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. மூளை வேலை செய்யும் விதம் அப்படி.

1994இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் வார்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். வேறொரு கோளில் வாழும் உயிரினத்தைக் கற்பனை செய்து வரையுமாறு மாணவர்களிடம் சொன்னார். எந்தக் கட்டுப்பாடும் இல்லை, எதையும் வரையலாம். வந்த படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் இருந்தன, கால்கள் இருந்தன, இடமும் வலமும் ஒத்திருந்தன. பூமியில் பார்த்த விலங்குகளே கொஞ்சம் உருமாறி வந்திருந்தன. கட்டவிழ்த்து விட்டாலும் கற்பனை பழகிய தடத்தில்தான் முதலில் நடக்கிறது.

ஐந்தாவது யோசனைக்குப் பிறகு

அந்தத் தடத்தைத் தாண்டுவதற்கு ஒரு வழி, நிறுத்தாமல் யோசிப்பது. கிறிஸ்டென்சன், கில்ஃபோர்டு, வில்சன் ஆகிய மூவரும் 1957இலேயே இதைக் கவனித்தார்கள். ஒரே கேள்விக்கு அடுத்தடுத்துப் பதில் சொல்லச் சொன்னால் முதலில் வருபவை எல்லோரும் சொல்பவை. பின்னால் வருபவற்றில்தான் அபூர்வமானவை மிகுதி. 2020இல் பிரையன் லூக்காஸும் லோரன் நோர்ட்கிரெனும் இன்னொன்றைக் கண்டார்கள். நேரம் ஆக ஆகத் தங்கள் சரக்கு தீர்ந்துவிடும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். உண்மையில் யோசனைகளின் புதுமை குறைவதில்லை; பல சமயம் கூடுகிறது. ஆனால் அந்தத் தவறான நம்பிக்கையால் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறோம்.

சிவகாசிக் கதைக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். விபத்தை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு மேலே யோசியுங்கள். தீபாவளி முடிந்த மறுநாள் இந்த ஊர் எப்படி இருக்கும்? அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாக மின்னும் கையோடு ஒரு பெண், தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது அந்தப் பிள்ளை என்ன கேட்கும்? இங்கே பட்டாசுத் தொழில் வேர் பிடிக்க வறண்ட வானமும் ஒரு காரணம். பக்கத்துக் காட்டில் பருத்தி போட்டவர் மழைக்கு ஏங்க, வெயிலில் பட்டாசைக் காயப்போட்டவர் மழை வேண்டாம் என்று நிற்க, இருவரும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியாக இருந்தால்? சரவெடி பின்னியே தேய்ந்த விரல் ரேகையை ஆதார் இயந்திரம் ஏற்க மறுத்தால்? இவையெல்லாம் முதல் நிமிடத்தில் வருபவை அல்ல. ஆனால் வந்துவிட்டால் வேறு ஊர்க்காரர் எழுத முடியாதவை.

தூரத்துச் சரக்குகள்

தூரத்தில் கிடக்கும் இரண்டு நினைவுகளை இணைப்பதே படைப்பாற்றல் என்றார் சார்னாஃப் மெட்னிக், 1962இல். சிவகாசித் தீப்பெட்டி இதை நன்றாக விளக்கும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். தனித்தனியே எத்தனை நாள் கிடந்தாலும் இரண்டும் சும்மாதான் இருக்கும். உரசினால் நெருப்பு.

உரச வேண்டுமென்றால் இரண்டும் கையிருப்பில் இருக்க வேண்டும். இந்தக் கரிசல் மண்ணின் எழுத்தாளர்களுடைய பலம் இந்தக் கையிருப்பு. மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் கடை நடத்தியவர். கிராமத்துக் கடைக்கு வராத சேதி எது? ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்காக 2007இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘அஞ்ஞாடி’ நாவலுக்காகப் பூமணி ஆண்டுக்கணக்கில் பழைய ஆவணங்களையும் வாய்மொழிச் செய்திகளையும் தேடினார். 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலகமும் அந்தப் பெரிய நாவலுக்குள் இருக்கிறது. இடைசெவலின் கி. ராஜநாராயணன் கதை எழுதியதோடு நிற்காமல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் கரிசல் காட்டு நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்க்கையை ‘சஞ்சாரம்’ ஆக்கினார்.

இவர்கள் யாரும் உத்வேகம் வரட்டும் என்று காத்திருந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. காது கொடுத்துக் கேட்டார்கள், சேர்த்து வைத்தார்கள்.

மனம் அலையட்டும்

சேர்த்ததை உரச வைப்பது யார்? ஓரளவுக்கு, சும்மா இருக்கும் மூளை. நாம் குறிப்பாக எதிலும் கவனம் வைக்காதபோது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள் சில உண்டு. நினைவுகளைப் புரட்டுவதும் நடக்காததை நடந்ததாகப் பார்ப்பதும் அங்கே நிகழ்கின்றன. 2018இல் ரோஜர் பீட்டி குழுவினர் வெளியிட்ட மூளை வரைபட ஆய்வு, புதுமையாகச் சிந்திப்பவர்களிடம் இந்தப் பகுதிகளும் சிந்தனையைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் நெருங்கிச் சேர்ந்து இயங்குவதைக் காட்டியது. கனவு காணும் மனமும் கத்தரிக்கோல் பிடித்த மனமும் கூட்டாளிகள்.

எழுத்தாளர்களையும் இயற்பியலாளர்களையும் தினமும் குறிப்பு எழுதச் சொல்லி 2019இல் ஷெல்லி கேபிள் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அன்றன்றைக்குக் கிடைத்த முக்கியமான யோசனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, வேலையைவிட்டு மனம் வேறெங்கோ போயிருந்தபோது வந்தது. முட்டுச்சந்தில் நின்ற சிக்கலைத் திறந்துவிட்டவை அவற்றில் அதிகம். நடையும் உதவுகிறது. ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி இயந்திரத்தின் மேல் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் நிற்பவரின் மனம் ஒரு நொடிகூட அலையக் கூடாது. அலைய விடுவதற்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. ஆலைக்குப் போகும் பெண்களின் கதைகள் அவர்கள் கையாலேயே போதிய அளவு எழுதப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

எல்லாக் கதையும் ஒன்றுபோல்

இன்று கேட்டவுடன் கரு தரும் மென்பொருள் கைபேசியிலேயே இருக்கிறது. அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஏறத்தாழ 300 பேர் குட்டிக் கதைகள் எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவிடம் யோசனை பெற்றவர்களின் கதைகள் தனித்தனியே படிக்கும்போது மேலானவையாக மதிப்பிடப்பட்டன. ஆனால் மொத்தமாக அடுக்கிப் பார்த்தால் அவை ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன.

எங்கும் கிடைப்பதை எங்கும் கொடுப்பது அந்த இயந்திரத்தின் இயல்பு. அதனிடம் இல்லாதது உங்கள் தெருவில் இருக்கிறது. எனவே எழுத விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தினமும் ஒரே ஒரு பேச்சையாவது கேட்டபடியே குறித்து வையுங்கள். தொழில் செய்பவர்களிடம் அவர்களுடைய கருவிகளின் பெயரைக் கேளுங்கள். எழுத உட்காரும்போது பத்துக் கருவாவது பட்டியலிடுங்கள். முதல் மூன்றை அடித்துவிடுங்கள். சிக்கினால் எழுந்து ஒரு நடை போய் வாருங்கள். கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் தோன்றியதை உடனே எழுதுங்கள். அது சரியா, தப்பா என்று மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.