பட்டம் வாங்கியும் விடாத தோழமை

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் தோழமைச் சங்கங்களே சொராரிட்டிகள். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள்தான் பெயர். ஜார்ஜியா மாநிலத்தின் வெஸ்லியன் மகளிர் கல்லூரியில் 1851-இல் தோன்றிய அடெல்ஃபியன் சங்கம் இவற்றுக்கு முன்னோடி. ஆண்கள் படித்த கல்லூரிகள் பெண்களுக்குத் திறந்தபோது, அங்கே சிறு எண்ணிக்கையில் இருந்த மாணவிகளுக்கு இத்தகைய சங்கம் பெரும் துணையாக இருந்தது.

அந்தத் துணை கறுப்பினப் பெண்களுக்கு எட்டவில்லை. வெள்ளையர் சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத அந்நாளில், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த எத்தல் ஹெட்ஜ்மன் தோழிகளைத் திரட்டி, 1908 ஜனவரி 15 அன்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தைத் தொடங்கினார். இளஞ்சிவப்பும் பச்சையும் அதன் நிறங்கள். சங்கத்தை நிறுவிய 20 பேரின் நினைவாக உறுப்பினர்கள் முத்து அணிவது வழக்கம். உறவாயினும் பிணக்கு இல்லாமலில்லை. சங்கத்தின் போக்கில் மாற்றம் வேண்டிய 22 மாணவியர் 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டா என்ற தனிச் சங்கம் கண்டனர். அதே ஆண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் அவர்களும் நடந்தார்கள்.

சேர விரும்பும் மாணவியைச் சங்கமே பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கிறது. பல சங்கங்களில் புதிதாக வருபவளுக்கு மூத்த மாணவி ஒருத்தி அக்காவாக அமைகிறாள். எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் தொடங்கி, வீட்டு நினைவில் அழும் இரவு வரை முதலில் தேடப்படுபவள் அந்த அக்காதான். ஒரே சமயத்தில் சேர்ந்தவர்களுக்கிடையே நெருக்கம் இன்னும் அதிகம். சில பெரிய பல்கலைக்கழகங்களில் உறுப்பினர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பதும் உண்டு.

கறுப்பினச் சங்கங்களின் தனிச்சிறப்பு, பட்டத்தோடு உறவு முடியாததுதான். படித்து முடித்தவர்களுக்கென ஊர்தோறும் கிளைகள் உண்டு. வேலை தேடவும் புது ஊரில் காலூன்றவும் அவை கைகொடுக்கின்றன. 1935-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா மிசிசிப்பியின் ஏழைக் குத்தகை விவசாயிகளுக்கு மருத்துவ முகாம் நடத்தச் சென்றது. பண்ணை முதலாளிகள் அந்த விவசாயிகளைப் பண்ணையை விட்டு வெளியே அனுப்ப மறுத்தார்கள். மருத்துவர் டாரதி ஃபெரபியின் குழுவினர் தங்கள் கார்களையே மருத்துவமனையாக்கிப் பண்ணைகளுக்கே போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை கோடைதோறும் இந்தப் பணி நடந்தது.

சென்னையில் பிறந்து அமெரிக்கா சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது 1986-இல் இதே சங்கத்தில் சேர்ந்தவர். 2020-இல் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும் சரியாக 19.08 டாலர் கொண்ட நன்கொடைகள் குவியத் தொடங்கின. சங்கம் பிறந்த ஆண்டைத் தொகையாக்கி அனுப்பியவர்கள் சங்கத்துச் சகோதரிகள்!

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். சேருவதற்கும் நீடிப்பதற்கும் செலவு உண்டு; வசதி குறைந்த மாணவிக்கு அது பாரம். தேர்வில் பாகுபாடும் நுழைகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் வெள்ளையர் சங்கங்கள் கறுப்பின மாணவிகளை ஒதுக்குவதை 2013-இல் மாணவர் பத்திரிகையே அம்பலப்படுத்திய பிறகுதான் கதவு திறந்தது. இவற்றையெல்லாம் விடக் கொடியது, புதியவர்களைச் 'சோதிக்கிறோம்' என்ற பெயரில் நடக்கும் வதை. நம் ஊர் ராகிங்குக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல, உயிர்களும் போயிருக்கின்றன. கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990-லேயே வதைக்கு வழிவிட்ட பழைய சேர்ப்பு முறையைக் கைவிட்டது. ஆனாலும் மறைவில் நடப்பது முற்றிலும் நிற்கவில்லை.

2024 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டத்தின்படி, இத்தகைய வதையில் ஈடுபட்டதாக உறுதியான மாணவர் அமைப்புகளின் விவரங்களைக் கல்லூரிகள் அறிக்கையாகப் பொதுவில் வெளியிட வேண்டும். மகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர், அவள் சங்கத்தில் சேருமுன் அந்த அறிக்கையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.